அரசியல் அறிவியல் ஆய்வேட்டில் நாவலுக்கு என்ன வேலை?

கடைமடை எழுதியது:

வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடைசிப் பருவத்தில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். 1968-ல் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கீழவெண்மணி பற்றித்தான் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் அது, பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். கூலிப் போராட்டம், சங்கம், அரசு எடுத்த நடவடிக்கை என்று வழக்கமான வரிசையில் எழுதிவிடலாம் என்றிருந்தேன்.

நெறியாளர் வேறு மாதிரி சொல்கிறார். இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல், சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் என்ற இரண்டு நாவல்கள், அப்புறம் அந்த வழக்கில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, மூன்றையும் ஒன்றாக வைத்துப் படி. ஒவ்வொன்றும் குற்றத்தை யார் தலையில் வைக்கிறது, எதை நம்பி வைக்கிறது என்று பார். அதுவே ஆய்வு என்கிறார். வகுப்பில் ஒரே சிரிப்பு. "கதை படிக்கிறதுக்கு இங்க எதுக்கு வந்தே, தமிழ்த் துறைக்கே போயிருக்கலாமே" என்கிறார்கள்.

சிரிப்பை விடுங்கள். எனக்கே உறுதியாக இல்லை. ஒருவர் உட்கார்ந்து கற்பனை செய்ததை வைத்து நீதி, அரசு, வர்க்கம் என்றெல்லாம் பேசினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ள மாட்டேனா? கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வுக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. இந்த மாதிரி படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

புள்ளிவிவரப்புலி எழுதியது:

நேராகவே சொல்கிறேன் தம்பி, வேண்டாம்.

வெண்மணியைப் புரிந்துகொள்ள நாவல் உதவாது என்பதற்குக் குருதிப்புனலே சாட்சி. 1975-ல் வந்தது, 1977-ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியது. டெல்லியிலிருந்து வந்து தங்கியிருக்கும் படித்த கோபாலின் பார்வையில்தான் பெரும்பாலும் கிராமம் தெரிகிறது. பண்ணையார் கண்ணையா நாயுடுவின் வெறிக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறைவு. அதாவது 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ராமையாவின் குடிசைக்குள் எரிந்து செத்ததற்கு ஒரு ஆளின் படுக்கையறைச் சிக்கல் காரணமாகிவிடுகிறது. இடதுசாரிகள் அப்போதே இதைக் கண்டித்தார்கள். நியாயமான கண்டனம்.

நடந்தது என்ன? கீழ்த்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்துக்கொண்டு, வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து அறுப்பை முடிக்கப் பார்த்தார்கள். 1952-லேயே தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. வெண்மணிக்குப் பிறகு விவசாயக் கூலி பற்றி ஆராயக் கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது, 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1950-களில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி எழுதியிருப்பதைப் படித்தால் நில உடைமை, சாதி, கூலி எல்லாம் பிடிபடும். இவ்வளவு இருக்கும்போது கற்பனைக்கு எதற்குப் போக வேண்டும்?

இலக்கியம் படிப்பது நல்ல பழக்கம். ரயிலில் போகும்போது படியுங்கள்.

பகுதி1_வாத்தியார் எழுதியது:

ரயிலில் படிக்கவும் யாரும் இல்லை சார், எல்லோர் கையிலும் போன்.

நான் பகுதி 1 தமிழ், அதாவது இளங்கலைப் பட்டத்தின் மொழிப்பாடம், எடுப்பவன். தமிழ்நாட்டில் இயற்பியல் படிக்கிற பிள்ளையும் பெரும்பாலும் எங்களைத் தாண்டித்தான் பட்டம் வாங்க வேண்டும். ஆகவே இலக்கியம் வழியாக அறம், அரசியல் சொல்லித் தருவதை இங்கே யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நடக்கிறது. அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

ஒரு உதாரணம். "மனுநீதிச் சோழனின் நீதி தவறாமையை விளக்குக." வருடம் தவறாமல் வரும் கேள்வி. நீதி தவறவில்லை என்ற தீர்ப்பைக் கேள்வியே சொல்லிவிட்டது, மாணவன் விளக்கினால் போதும். கன்று, தேர்க்கால், மணி, மகன், முடிந்தது. ஐந்து மதிப்பெண்.

பெரியபுராணத்தில் அந்தப் பகுதியை எடுத்துப் பாருங்கள். அமைச்சர்கள், பசுக் கொலைக்குக் கழுவாய் (பரிகாரம்) உண்டு, அதைச் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் கேட்கிறான்: வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் மட்டும் கழுவாயா? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பில் படிக்கிறோமே, அந்த வாதம் இங்கே ஒரு தகப்பன் வாயில் வருகிறது. சரி, இதற்கு மேல்தான் விஷயம் இருக்கிறது. மகன் மேல் தேரை ஓட்டும்படி அரசன் ஒரு அமைச்சரிடம் சொல்கிறான். அமைச்சர் ஓட்டவில்லை. தன் உயிரை விட்டுவிடுகிறார். அதன்பிறகுதான் அரசன் தானே ஓட்டுகிறான்.

வகுப்பில் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: அமைச்சர் ஏன் செத்தார்? ஆணை தவறு என்று நினைத்திருந்தால் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சரி என்று நினைத்திருந்தால் செய்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் தன்னையே முடித்துக்கொண்டவரைக் கோழை என்பதா, மனசாட்சி உள்ளவர் என்பதா? சாப்பாட்டு இடைவேளைக்கு அடுத்த வகுப்பு, பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் கடைசி பெஞ்சு எழுந்துகொள்ளும். "அரசு ஊழியர்னா இதான் சார் கதி" என்றான் ஒருவன். போலீஸ்காரர் மகன்.

கடைமடை, உங்கள் பக்கம்தானே திருவாரூர்க் கல்தேர். அதைப் பார்க்கிறவர்கள் அரசனைத்தான் நினைக்கிறார்கள். அமைச்சருக்குச் சிலை இல்லை.

சும்மாவந்தவன் எழுதியது:

மகனுக்கும் யாரும் வக்கீல் வைக்கவில்லை, கவனித்தீர்களா.

கோர்ட்_வராண்டா எழுதியது:

வக்கீல் என்றதும் வந்துவிட்டேன். முதலில் புலி அண்ணனுக்குப் பதில்.

வெண்மணி வழக்கில் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். விடுதலைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைச் சட்டக் கல்லூரியில் படித்தபோது நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சாரமாகச் சொல்கிறேன்: குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் பெரிய நிலச்சுவான்தார்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்ப முடியாததாக இருக்கிறது.

இதை எந்தச் சட்டப் பிரிவை வைத்து அலசுவீர்கள்? சாட்சியச் சட்டத்தில் "கார் வைத்திருப்பவர் நடக்க மாட்டார்" என்று எங்கேயும் இல்லை. இது ஒரு பாத்திரப் படைப்பு. பணக்காரன் என்றால் எப்படி நடந்துகொள்வான் என்று நீதிபதியின் மனதில் ஏற்கெனவே ஒரு சித்திரம் இருக்கிறது, சாட்சி சொன்னது அதில் பொருந்தவில்லை, அதனால் சாட்சி தள்ளுபடி. அதே இடத்தில் ஒரு கூலியாள் தீ வைத்தான் என்று சொல்லியிருந்தால் இந்தச் சந்தேகம் எழுந்திருக்குமா?

நாவல் படித்துப் பழகியவன் இந்த வரியைத் தாண்டிப் போக மாட்டான். இந்தப் பாத்திரம் இப்படிச் செய்யுமா, யார் பார்வையிலிருந்து சொல்லப்படுகிறது, சொல்பவன் எதைப் பார்க்கத் தவறுகிறான் என்று கேட்பது அவனுக்குப் பழக்கம். சட்டம் மட்டும் படித்த எங்கள் செட்டில் பலர் அந்தப் பத்தியை அடிக்கோடிட்டு, "சாட்சியத்தின் நம்பகத்தன்மை" என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போனார்கள்.

புள்ளிவிவரப்புலி எழுதியது:

தீர்ப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதற்கும் நாவலே வேண்டும் என்றில்லை. வர்க்கச் சார்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். எந்த இடதுசாரித் தொழிற்சங்கக்காரரும் சொல்வார்.

சிலம்புச்சத்தம் எழுதியது:

ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம் என்பதுதான் சிக்கல் அண்ணா. "வர்க்கச் சார்பு" என்று எழுதிவிட்டால் அந்தச் சார்பு ஒருவர் தலைக்குள் எப்படி வேலை செய்கிறது, ஏன் அது அவருக்குச் சார்பாகவே தெரியவில்லை என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். உயர் நீதிமன்றத்தில் இருந்தவர்கள் தங்களை அநியாயக்காரர்கள் என்று நினைத்து அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

நான் சிலப்பதிகாரத்தில் முனைவர் பட்டத்துக்கு இழுத்துக்கொண்டிருப்பவள். வராண்டா சொன்னதைப் படித்ததும் கோவலன் கொல்லப்படும் கொலைக்களக் காதைதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் வழக்குரை காதையைத்தான் பேசுவார்கள். கண்ணகி, ஒற்றைச் சிலம்பு, "யானே கள்வன்". மேடையேற வசதியான காட்சி. அரசியல் அறிவியல் மாணவர் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால் நடப்பது.

அரசன் அப்போது அவையில் இல்லை. ஊடிப்போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் மடக்கி, சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்கிறான். அவ்வளவுதான் விசாரணை. ஒரு அரசு நடக்கும் வேகத்தில் ஒரு உயிர் போகிறது.

காவலர்கள் போய்க் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் லட்சணத்தைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவன் மாதிரி இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே திருடர்கள் என்னென்ன தந்திரம் செய்வார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்கிறான். ஒரு காவலன், தான் ஒருமுறை திருடனிடம் ஏமாந்த கதையைச் சொல்கிறான். என்ன செய்யலாம் என்று இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கல்லாக் களிமகன் (குடிவெறியன்) ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இப்போது வராண்டா சொன்ன தீர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். காவலர்களும் தோற்றத்தை வைத்துத்தான் தீர்ப்பு சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை, கோவலன் திருடன் இல்லை. ஆனால் உண்மைக்கு அவர்கள் வந்த வழி தப்பு. நல்ல குடியில் பிறந்தவன் போலத் தெரிகிறான், அதனால் குற்றம் செய்திருக்க மாட்டான். அதே வழியில்தான் கார் வைத்திருப்பவர் நடந்துபோய்த் தீ வைக்க மாட்டார் என்பதும் வருகிறது. கோவலன் கறுத்து மெலிந்த ஒரு கூலியாளாக இருந்திருந்தால் அந்தத் தயக்கம்கூட இருந்திருக்காது, காதையே சின்னதாகிப் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பாடத்தில் யாரும் வைக்க மாட்டார்கள். பாண்டியன் செத்த பிறகு நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்கிறான். எப்படி? ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று. மழை பெய்கிறது, நோய் நீங்குகிறது. நூலின் தொடக்கத்தில் உள்ள உரைநடைப் பகுதியான உரைபெறு கட்டுரையில் இது இருக்கிறது. அது பிற்சேர்க்கை என்று தள்ளிவிடலாம் என்பார்கள். நீர்ப்படைக் காதையிலும் மாடலன் என்ற மறையவன் சேரன் செங்குட்டுவனிடம் இதே செய்தியைச் சொல்கிறானே, அதை எங்கே தள்ளுவது?

அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்று பதிகத்திலேயே அறிவித்துத் தொடங்கும் காப்பியம் இது. விசாரிக்காமல் கொன்றாய் என்பதுதான் கண்ணகியின் வழக்கு. அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேரை விசாரித்தார்கள்? ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு தொழில் செய்யும் கூட்டமே பலி, அதற்குப் பரிசாக மழை. காப்பியத்தில் யாரும் அதிரவில்லை. செய்தியைக் கேட்ட சேரனும் அதிரவில்லை.

பழைய_மாணவன் எழுதியது:

அக்கா, இது கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்துப் பலிச் சடங்கை இன்றைய மனித உரிமை அளவுகோலால் அளக்கலாமா? இப்படிப் படித்தால் எந்தப் பழைய நூலும் மிஞ்சாது. எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பதுதான் இப்போது பல்கலைக்கழக இலக்கியப் படிப்பாகிவிட்டது. நூலின் அழகு எங்கே போயிற்று?

சிலம்புச்சத்தம் எழுதியது:

இன்றைய அளவுகோல் வேண்டாம், குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை." யாராக இருந்தாலும் ஆராய்ந்து, பாரபட்சம் பார்க்காமல் செய்வதுதான் முறை. அந்த அளவுகோல் அப்போதே இருந்தது. மதுரையை எரிக்கும்போது கண்ணகியே தீக்கடவுளிடம் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகளை விட்டுவிடு என்கிறாள். எல்லோரையும் சேர்த்துத் தண்டிப்பது தப்பு என்ற உணர்வு அவளுக்கு இருக்கிறது. பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது தனிக் கேள்வி, அதற்கு எனக்கு ஒரு இயலே தேவைப்பட்டது.

அழகு எங்கேயும் போகவில்லை. "சான்றோரும் உண்டுகொல்" என்று அவள் கேட்கும் இடத்தை இன்றைக்கும் என்னால் சத்தமாக வாசிக்க முடியாது, தொண்டை அடைக்கும். அதே நூல்தான் ஆயிரம் பேரைக் கொன்றதையும் பதறாமல் சொல்கிறது. இரண்டையும் படிக்கத்தானே பல்கலைக்கழகம். மேடையில் வழக்குரை காதை மட்டும் போதும்.

புலி அண்ணா, குருதிப்புனலுக்கும் இதையே சொல்வேன். நீங்கள் சொன்ன குறை குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறையே ஒரு சான்று. எரிந்தவர்கள் பக்கம் மனசார நின்ற ஒரு படித்த எழுத்தாளருக்கு, கூலித் தகராறு மட்டும் இவ்வளவு வெறிக்குக் காரணமாகப் போதவில்லை. உளவியல் காரணம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பண்ணையார் கணக்குப் பார்த்து, நிதானமாக, சங்கத்தை உடைப்பதற்காகவே இதைச் செய்ய முடியும் என்பது அந்த நாவலுக்கு நம்பும்படியாக இல்லை போலும். நீதிமன்றத்துக்கும் நம்பும்படியாக இல்லை. எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கமிஷன் அறிக்கையில் இதைத் தேடினால் கிடைக்காது.

கோர்ட்_வராண்டா எழுதியது:

கடைசிப் பத்தியை அப்படியே ஆய்வேட்டின் முன்னுரையில் போடலாம். அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொள்ளவும்.

மலையோரம் எழுதியது:

இலக்கியத்துக்கு அரசியலில் வேலை இல்லை என்பவர்களுக்கு ஒன்று. 2020-ல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து அருந்ததி ராயின் நூலை எடுத்தது, மாணவர் அமைப்பு ஒன்றின் புகாருக்குப் பிறகு. 2021-ல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இளங்கலைப் பாடத்திலிருந்து மகாசுவேதா தேவியின் திரௌபதி கதையையும், நம் பாமா, சுகிர்தராணி எழுத்துகளையும் எடுத்தது. கல்விக் குழுவில் 15 பேர் எதிர்ப்புக் குறிப்பு எழுதியும் அதைத் தடுக்க முடியவில்லை. வெறும் கதை, கவிதை என்றால் இவ்வளவு மெனக்கெட்டு எடுப்பானேன்?

புள்ளிவிவரப்புலி எழுதியது:

தடை செய்வதை வைத்து மதிப்பை முடிவு செய்ய முடியாது மலையோரம். மட்டமான புத்தகங்களையும் தடை செய்திருக்கிறார்கள். அது பாடத்திட்ட அரசியல், வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

சிலம்பு தங்கை சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நாவலை அந்தக் காலத்து மனதின் சான்றாகப் படிப்பதை ஏற்கிறேன், அதுவும் ஒருவகை ஆவணம். ஆனால் இலக்கியம் படித்தால் அற உணர்வு கூடும், அடுத்தவர் வலி புரியும் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அதை மட்டும் ஏற்க மாட்டேன். கம்பராமாயணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் சேரிக்குள் கால் வைக்காமல் வாழ்ந்த ஊர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ.

பகுதி1_வாத்தியார் எழுதியது:

நானும் ஏற்க மாட்டேன் சார். எங்கள் துறையிலேயே பார்க்கிறேனே. சங்க இலக்கியத்தில் புலமை இருக்கும், கடைநிலை ஊழியருக்குத் தனி டம்ளர் இருக்கும்.

நல்லவனாக்குவது என் வேலை என்று நான் நினைக்கவே இல்லை. தீர்ப்பை முன்பே எழுதிவைத்த கேள்வியை மாணவன் அடையாளம் கண்டுகொண்டால் போதும். அதற்கே மூன்று வருடம் பற்றவில்லை.

கடைமடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நெறியாளரிடம் பேசிவிட்டேன். "எது நம்பத்தக்கது?" என்பதை மையமாக வைக்கிறேன். தீர்ப்பில் எது நம்ப முடியாததாக இருந்தது, குருதிப்புனலில் எது, செந்நெல்லில் எது. செந்நெல் பாதி முடித்துவிட்டேன். அங்கே வெளியிலிருந்து வந்து பார்க்கும் கோபால் மாதிரி ஆள் தேவைப்படவில்லை, வயலும் வேலையும் பேச்சும் உள்ளிருந்தே வருகின்றன. அதனால் மட்டும் அது உண்மைக்குப் பக்கத்தில் போய்விடுமா என்று தெரியவில்லை, முழுதும் படித்துவிட்டு எழுதுகிறேன். சிலம்பைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். ஒரு எம்.ஏ. ஆய்வேட்டுக்கு வெண்மணி போதும், ஆசைப்படாதே என்றார்.

இயல் பிரிப்பதில்தான் குழப்பம். தீர்ப்பை முதலில் வைத்தால் நாவல்கள் அதற்குப் பதில் சொல்ல வந்த மாதிரி ஆகிவிடுகிறது. நாவலை முதலில் வைத்தால் நடந்தது என்ன என்றே தெரியாமல் வாசகர் தடுமாறுவார்.

புள்ளிவிவரப்புலி எழுதியது:

நிலம், கூலி, சங்கம், இந்த மூன்றும் முதல் இயல். கணபதியா பிள்ளை கமிஷனும் 1969 சட்டமும் கட்டாயம் அதில் வர வேண்டும். அப்புறம் தீர்ப்பு, அப்புறம் உங்கள் கதைகள். முதல் இயல் பலமாக இல்லையென்றால் வாய்மொழித் தேர்வுக்கு நானே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன்.

சிலம்புச்சத்தம் எழுதியது:

தீர்ப்பையும் நாவல்களையும் தனித்தனி இயலாகப் பிரிக்காதீர்கள் தம்பி. தீ வைக்கும் இரவு என்று ஒரு இயல், அதில் மூன்றும் வரட்டும். பண்ணையார் என்று ஒரு இயல், அதிலும் மூன்றும். சாட்சிகள் என்று ஒன்று. ஒரே ஆளைத் தீர்ப்பு எப்படி வரைகிறது, நாவல் எப்படி வரைகிறது என்று ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும்.

கோர்ட்_வராண்டா எழுதியது:

தீர்ப்பை இணையத்தில் யாரோ எடுத்துப் போட்ட துண்டுகளிலிருந்து மேற்கோள் காட்ட வேண்டாம். ஆளுக்கொரு மாதிரி சுருக்கியிருப்பார்கள், நான் மேலே எழுதியதும் சாரம்தான். நல்ல சட்டக் கல்லூரி நூலகங்களில் பழைய தீர்ப்புத் தொகுதிகள் இருக்கும், முழுதாகப் படியுங்கள். அமர்வு நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டும். அதே சாட்சிகளை நம்பித்தான் அது தண்டனை கொடுத்தது. பழைய கோப்பு என்பதால் நகல் வாங்கத் தாமதமாகும், துறைத்தலைவர் கடிதத்தோடு இந்த மாதமே மனு போட்டுவிடுங்கள்.